தூது போன தீர்த்தகிரி

அரூருக்குப் பக்கத்து மலையடிவாரத்தில் அங்கயற்கண்ணி அம்மாள் என்றொரு குரு இருந்தார். வயது முப்பத்தெட்டு. காவி கிடையாது, ஜடாமுடி கிடையாது; பொன்னுரங்கம் என்றொரு கணவரும் இரண்டு எருமைகளும் உண்டு. உரக்கடை தீர்த்தகிரி குருவைவிடப் பத்து வயது மூத்த சீடர். ஞாயிறு தவறாமல் வந்து வாசல் கூட்டுவார்.

அன்றைக்கு வந்தவர் துடைப்பத்தைத் தொடவேயில்லை.

“அம்மா, மகிழினிக்குத் திருநீறு மந்திரிச்சுக் கொடுங்க. மூணு மாசமா தினமும் வயித்துவலி. ஸ்கேன்கூட எடுத்தாச்சு. ஒண்ணுமில்லைங்கறாங்க. எட்டு வயசுப் பிள்ளை, சோறே இறங்கமாட்டேங்குது.”

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே பிள்ளை.

“வீட்டுல ஏதாவது பிரச்சினையா?”

“சேச்சே. வீடு அமைதியாத்தான் இருக்கு.”

“எப்பேர்ப்பட்ட அமைதி?”

தீர்த்தகிரி தலையைச் சொறிந்தார். அவரும் மனைவி நவமணியும் பேசி நாலு மாதமாகிறது. பெட்ரோல் பங்கில் நவமணி இறங்கி நிற்க, ஏறிவிட்டாள் என்று நினைத்து மனுஷன் வண்டியைக் கிளப்பிவிட்டார். அதுகூடப் போகட்டும். ஆறு கிலோமீட்டரும் அவளுடைய தம்பியைத் திட்டிக்கொண்டே வந்திருக்கிறார். வீட்டு வாசலில் “இறங்கு” என்றபோதுதான் பின்னால் ஆளில்லை என்று தெரிந்தது. இந்தக் கதையை அவளிடமே வேறு போய்ச் சொல்லியிருக்கிறார், புண்ணியவான்.

“ஆறு கிலோமீட்டரா பதிலே வரலையேன்னு தோணலையா?”

“ஒத்துக்கிட்டான்னு நினைச்சேன்.”

அம்மாள் முந்தானையால் வாயைத் துடைப்பதுபோல மூடிக்கொண்டார்.

“சரி, வீட்டுல ஒரு சமாசாரம்னா?”

“அதுக்குத்தான் பாப்பா இருக்கே. அம்மாகிட்டச் சொல்லுன்னா சொல்லிடும். அப்பாகிட்டச் சொல்லுன்னாலும் சொல்லிடும். கெட்டிக்காரி.”

அம்மாள் மாட்டுக்கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார்.

“திருநீறு இருக்கட்டும். எங்க வீட்டுக்காரர் அங்கதான் இருக்கார். எருமையைக் கீரைப்பாத்தியில விட்டது எந்த மகராசன்னு கேட்டுட்டு வாங்க. நான் இன்னிக்கு அவர்கூடப் பேசறதா இல்லை.”

தீர்த்தகிரி போய்க் கேட்டார். பொன்னுரங்கம் சாணிக் கூடையைத் தொப்பென்று வைத்தார்.

“கயித்துல முடிச்சுப் போட்டது அவ. ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணத் தெரியுது, ஒரு முடிச்சுப் போடத் தெரியலைன்னு போய்ச் சொல்லுங்க.”

இதை எந்த வாயால் குருவிடம் சொல்வது? கொட்டகைக்கும் வீட்டுக்கும் நாற்பதடி. அதற்குள் யோசித்தாக வேண்டும்.

“முடிச்சு கொஞ்சம் இளகிடுச்சேன்னு ஐயா ரொம்ப வருத்தப்படறாரு அம்மா.”

“வருத்தமா? அவரா? அந்த எருமைக்கு இருக்கிற புத்தி அவருக்கு இருந்தா நான் ஏன் இப்படிக் கிடந்து அல்லாடறேன்? சொல்லிட்டு வாங்க.”

மறுபடியும் நாற்பதடி.

“அம்மா உங்களையும் எருமையையும் விசாரிச்சாங்க.”

உச்சி வெயில் வருவதற்குள் பதினோரு நடை. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. மத்தியானம் இலை போட்டார்கள். சுடச்சுட மொச்சைக்குழம்பு. தீர்த்தகிரி சோற்றைப் பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார்.

பொன்னுரங்கம் வந்து மனைவி பக்கத்தில் சாவகாசமாக உட்கார்ந்தார். “ஏம்மா, நான் சொன்னதுல எது உனக்கு வந்து சேர்ந்தது?”

“நீங்க வருத்தப்பட்டதா வந்துச்சு.”

“நானா? எனக்கு நீ விசாரிச்சதா வந்துச்சு.”

இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். தீர்த்தகிரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சிரிக்கிறீங்களே அம்மா. அப்போ சண்டையே இல்லையா?”

“இல்லாம என்ன? விடியறப்பவே நேருக்கு நேர் போட்டு முடிச்சாச்சு. நீங்க ஏன் பேச்சை மாத்தினீங்க?”

“பயமா இருந்துச்சு. உள்ளதை உள்ளபடி சொன்னா, ரெண்டு பேரும் பிரிஞ்சிடுவீங்களோன்னு.”

அம்மாள் அவர் இலையைப் பார்த்தார். ஒரு பருக்கை குறையவில்லை.

“காலையில நீங்க கிளம்பும்போது நவமணி என்ன சொல்லி அனுப்பினாங்க?”

“வெயில் ஏறுறதுக்குள்ள பத்திரமா வந்துடச் சொன்னாளாம். பாப்பா வந்து சொல்லுச்சு.” தீர்த்தகிரியின் குரலில் கொஞ்சம் பெருமை. “இந்த நாலு மாசத்துல அவ ரொம்ப மாறிட்டாம்மா. நேத்துக்கூட, உங்கப்பாவுக்கு நரை நல்லாத்தான் இருக்குன்னு…”

பேச்சு அங்கேயே நின்றுபோனது. பிசைந்த கையும் நின்றது.

“அப்போ நவமணி நிஜமா என்னதான் சொல்லியிருப்பா?” என்று கேட்டார்.

“எனக்கெப்படித் தெரியும்? போய் அவங்களையே கேளுங்க. நல்லாத் திட்டுவாங்க, நின்னு வாங்கிக்குங்க. பிள்ளை அந்நேரம் விளையாடப் போகட்டும்.”