முருங்கைக்கு வைரம் போன கதை

ஆடும் மரமும் மனிதரோடு வாயாடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், காட்டிலேயே கெட்டியான மரம் எது தெரியுமா? முருங்கை. சிரிக்காதீர்கள். அதன் நடுக்கட்டையில் அப்படி வைரம் பாய்ந்திருந்தது. முருங்கையில் ஏர் செய்தால் மூன்று தலைமுறைக்கு உழும். இலைதான் ஒன்றுக்கும் உதவாது. ஓட்டாஞ்சில்லு மாதிரி இருக்கும். ஆடுகூட வாய் வைக்காது.

ஏர் செய்கிற பெரியாண்டியின் கொல்லையில் அப்படி ஒரு மரம் நின்றது. இன்னும் கொஞ்சம் முற்றட்டும் என்று அவன் அதை வெட்டாமல் விட்டிருந்தான். அவன் மனைவி நாச்சாயி அப்போது ஐந்து மாதம், வாயும் வயிறுமாக இருந்தாள்.

மூத்தவள் செவந்திக்கு மூன்று வயது. பேச்சு படபடவென்று வரும், நிற்கத்தான் வராது. அடிமரத்தைப் பிடித்துக்கொண்டு எழுவாள், கால் துவண்டு பொத்தென்று விழுவாள். மறுபடி பிடிப்பாள். வயிற்றில் இருப்பதும் இப்படியே வந்துவிடுமோ என்று நாச்சாயிக்குச் சோறு தண்ணி இறங்காத பயம். இறங்கவும் அங்கே பெரிதாக எதுவும் இல்லை.

ஏனென்றால் அந்த ஊரில் ஒரு வழக்கம். பிள்ளைத்தாய்ச்சி வயிறு நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துவிடும், வெளியே வர முடியாமல் தாயையும் கொண்டுபோய்விடும் என்பார்கள். அதனால் மாமியார் காத்தாயி மருமகளுக்குக் காலையில் அரைச் செம்பு கஞ்சி, மாலையில் அரைச் செம்பு கஞ்சி என்று அளந்து ஊற்றினாள். கெட்ட மனசெல்லாம் கிடையாது. தன் தங்கை பிரசவத்தில் போனதைக் கண்ணால் பார்த்தவள் அவள்.

ஒருநாள் காலை வீட்டு வெள்ளாடு அந்த மரத்தடியில் குட்டி போட்டது. உடம்பு ஈரம் காயும் முன்பே குட்டி எழுந்தது, இரண்டு தரம் விழுந்தது, மூன்றாம் தரம் செவந்தியைச் சுற்றி ஓடியது. செவந்தி கைதட்டிச் சிரித்தாள். நாச்சாயி அழுதுவிட்டாள்.

"எதுக்கு அழறே?" என்று ஆடு கேட்டது.

"உன் குட்டி பொறந்ததும் நிக்குது. என் பிள்ளை மூணு வருஷமா நிக்கலையே."

"நான் சினையா இருந்தப்ப வேலியில ஒரு கொடியை விட்டு வெச்சேனா? உன் கீரைப் பாத்தியையும் சேர்த்துத்தான் மேய்ஞ்சேன். செவந்தி வயித்துல இருந்தப்ப நீ என்ன தின்னே?"

"கஞ்சி."

"வெறும் கஞ்சியில காலு எங்கேருந்து வரும்? உன்னை வாயும் வயிறுமா இருக்கான்னு சொல்றாங்க. வயிறு தெரியுது, வாயைத்தான் காணோம்."

நாச்சாயிக்குச் சுருக்கென்றது. ஆடு அண்ணாந்து முருங்கையைப் பார்த்தது. "பிள்ளைக்கு வேண்டிய கெட்டியெல்லாம் இதுகிட்ட இருக்கு. கேட்டுப் பாரு."

அவள் கேட்டாள். மரம் யோசித்துத்தான் பேசியது.

"என் வைரத்தை இலைக்கு ஏத்தலாம். இலை மெத்துனு ஆயிடும், நீ தின்னலாம். ஆனா ஏத்தினது திரும்ப இறங்காது. நடுக்கட்டை பஞ்சாப் போயிடும்."

"அத்தை சொல்ற மாதிரி பிள்ளை பெருத்து நான் செத்துப்போனா?"

"அதுக்கு நான் பொறுப்புச் சொல்ல முடியாது."

அந்த நேரம் பார்த்துச் செவந்தி மரத்தைப் பிடித்து எழுந்தாள், வழக்கம்போல விழுந்தாள்.

"இவ தினம் என்னைப் பிடிச்சுத்தான் விழறா" என்றது மரம். "என் கெட்டி எனக்குள்ளேயே இருந்து என்ன பிரயோசனம்?"

வேரிலிருந்து உச்சி வரை மரம் ஒருமுறை நடுங்கியது. வெயில் ஏறுவதற்குள் இலையெல்லாம் பச்சைப் பசேலென்று தளதளத்தது. நாச்சாயி ஒரு கொப்பில் கை வைத்தாள். முருங்கைக் கொப்பு முதன்முதலாக மளுக்கென்று ஒடிந்தது.

கீரையை ஆய்ந்து, பாசிப்பயறு போட்டு வேகவைத்து, அவள் வயிறாரத் தின்பதைப் பார்த்த காத்தாயி ஓடி வந்தாள்.

"சாகப்போறியாடி?"

"எனக்கும் பயமாத்தான் இருக்கு அத்தை. ஆனா அரை வயித்தோட பெத்த பிள்ளையை மூணு வருஷமா இடுப்புல சுமக்கிறது நீங்களும்தானே?"

 மறுநாள் கீரை பறித்து வந்தது காத்தாயிதான்.

பிள்ளை பெரிதாகத்தான் இருந்தான். வலி ஒரு பகல் முழுக்க நீண்டது. காத்தாயி மருமகள் கையை விடவே இல்லை. கடைசியில் தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தான். பதினோராம் மாதம் அவன் முருங்கையைப் பிடித்து எழுந்தான், பிடியை விட்டான், நின்றான்.

செவந்திக்கும் தினம் கீரை ஊட்டினார்கள். கொஞ்சம் கால் ஊன்றியது. ஆனால் வயிற்றிலேயே சேர வேண்டியது முழுக்கச் சேரவில்லை. தம்பி வளர்ந்த பிறகு அவன் தோளில் கை போட்டுத்தான் நடந்தாள்.

இலை மாறியதுதான் பெரியாண்டிக்குத் தெரியும், கட்டை பஞ்சானது தெரியாது; மரம் முற்றிவிட்டது என்று ஒருநாள் கோடாலியோடு வந்தான். முதல் வெட்டே பூசணிக்காயில் இறங்குகிற மாதிரி இறங்கியது.

"என் மரத்தை யாருடி இப்படிப் பண்ணினது? இதுல எப்படி ஏர் செய்யறது?"

நாச்சாயி களத்துப் பக்கம் கையைக் காட்டினாள். தம்பி தங்குதங்கென்று முன்னால் நடக்க, அவன் தோளைப் பிடித்தபடி செவந்தி வந்துகொண்டிருந்தாள்.

"உங்க வைரம் அதோ நடந்து வருது" என்றாள்.

 அவன் கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏருக்குக் கருவேலமரம் தேடிப் போய்விட்டான்.

வைரம் இலைக்கு ஏறிய நாள் முதல்தான் முருங்கை கை வைத்தால் ஒடிகிறது, அதில் யாரும் ஏர் செய்வதில்லை. வைரம் பாய்ந்தது என்று நாம் மனிதர் உடம்பையும் சொல்கிறோம்.