வேலம்மாள் மாட்டிய பிளக்

ஆலங்குளத்தில் மசூது என்று ஒரு வயர்மேன் இருந்தார். பகலில் வீடுகளுக்கு வயரிங் வேலை. சாயங்காலம் வாடகைக்கு எடுத்த ஒரு கூடத்தில், கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குப் பாடம். வயது நாற்பதுகூட ஆகவில்லை. அவரிடம் படித்தவர்களில் மூத்தவள் வேலம்மாள். அவளுக்கு ஐம்பத்திரண்டு.

மசூதுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் வேலம்மாளின் கணவர் ஆவுடையப்பன். நான்கு வருடத்துக்கு முன்பு, ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது, கரண்டு அடித்து அவர் இறந்துபோனார். அப்போது பக்கத்தில் இருந்தவர் மசூது. என்ன நடந்தது என்று வேலம்மாள் கேட்கவில்லை. கேட்டால் அந்த நிமிஷம் மறுபடியும் நடந்துவிடும்போல் இருந்தது அவளுக்கு. அவரும் தானாகச் சொல்லவில்லை.

அதன் பிறகு வேலம்மாள் சுவிட்சைக் கையால் தொட்டதில்லை. மரக்கரண்டியின் காம்பால்தான் தட்டுவாள். மகள் கூட இருந்தவரை எப்படியோ ஓடியது. மகள் கல்யாணமாகிப் போன பிறகு அடுக்களை பல்பு போனது. எட்டு நாள் இருட்டிலேயே சமைத்தாள். ஒன்பதாம் நாள் மசூதின் கூடத்து வாசலில் போய் நின்றாள்.

"பல்பு மாட்டணுமா மதினி? சொல்லிவிட்டிருந்தா நானே வந்திருப்பேனே."

"இல்ல. படிக்க வந்திருக்கேன்."

அதுவரை அவர் அவளுக்குத் தம்பி. அன்றிலிருந்து சார் ஆனார். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் மாற்றிக்கொள்ளவில்லை.

முதல் நாளே அவள் கேட்டாள்.

"இந்தப் பயம் எப்ப சார் போகும்?"

மசூது ஒரு பழைய பிளக்கை எடுத்து அவள் கையில் கொடுத்து, கழற்றி மாட்டச் சொன்னார்.

அடுத்த வாரமும் கேட்டாள். வயர் முனையை எப்படிச் சீவுவது என்று காட்டிக்கொடுத்தார். மூன்று மாதம் இப்படியே போனது. ஒவ்வொரு முறையும் ஒரு வேலை வந்தது, பதில் வரவில்லை.

வேலம்மாளும் தெருவில் இன்னும் நான்கு பெண்களும் சேர்ந்து பன் சுட்டு விற்கலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். தென்காசியில் மூடிய ஒரு பேக்கரியிலிருந்து பெரிய ஓவன் ஒன்று அவர்கள் வாடகைக்குப் பிடித்த அறையில் வந்து இறங்கியது. வீட்டில் வைக்கிற சின்ன ஓவன் இல்லை, ஆள் இடுப்புயரம். முழுக்க இரும்பு. பின்னால் விரல் தடிமனுக்கு ஒரு கேபிள் தொங்கியது. அதன் நுனியில் பிளக் இல்லை. யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள்.

நம்மிடமே படிக்கிற ஆள் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்றார்கள் மற்ற பெண்கள். வேலம்மாள் மசூதிடம் போய், இது தன்னால் ஆகாது, நீங்கள் வந்து மாட்டிக் கொடுங்கள் என்று கெஞ்சினாள். வருகிறேன் என்றார்.

மறுநாள் காலையில் வந்தார். புது பவர் பிளக் ஒன்றையும் ஸ்க்ரூ டிரைவரையும் அவள் முன்னால் வைத்துவிட்டு, ஒரு மாவு டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

வேலம்மாள் அவரைப் பார்த்தாள். பிறகு பிளக்கை எடுத்தாள்.

கேபிளின் மேல்தோலை உரித்தாள். சிவப்பு, கறுப்பு, பச்சை. சிவப்பும் கறுப்பும் பிளக்கில் அதனதன் பின்னுக்குப் போயின. பச்சையைத் தடித்த பின்னுக்குக் கொண்டுபோனாள். மசூது சொல்லிக்கொடுத்தபடி அதைக் கொஞ்சம் நீளமாகவே விட்டாள். யாராவது கேபிளை இழுத்தாலும், கசியும் கரண்டை மண்ணுக்கு இறக்கிவிடும் இந்த எர்த்து வயர் கடைசியாகத்தான் அறுபட வேண்டும். ஸ்க்ரூக்களை முறுக்கினாள். மூடியை மூடினாள். கை நடுங்கிக்கொண்டே இருந்தது. நடுக்கத்தோடேயே எல்லாம் முடிந்தது.

மசூது கையை நீட்டினார்.

அவள் கொடுக்கப் போனாள். கொடுக்க முடியவில்லை. இன்னொரு தரம் பார்த்துவிடுகிறேன் என்று முனகிவிட்டு மூடியைத் திரும்பத் திறந்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மூடினாள். மனசு கேட்கவில்லை. வெளிச்சத்துக்கு எடுத்துப்போய் மறுபடியும் திறந்தாள்.

சிவப்பு வயரின் செம்பு இழை ஒன்று, முடி அளவுக்கு, ஸ்க்ரூவுக்கு அடியிலிருந்து தப்பிப் பச்சையின் பக்கம் சாய்ந்து நின்றது. பச்சையைத் தொட்டுவிட்டால் கரண்டு ஓவனின் உடம்புக்கே போய்விடும்.

வேலம்மாளுக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. சிவப்பைக் கழற்றினாள். நுனியைப் புதிதாகச் சீவி, இழைகளை ஒன்றாக முறுக்கி, திரும்ப மாட்டினாள்.

மசூது பிளக்கை வாங்கினார். மீட்டரை எடுத்து, தடித்த பின்னிலிருந்து ஓவனின் உடம்புக்கு வைத்துப் பார்த்தார். மீட்டர் கூவியது; எர்த்து சேர்ந்திருக்கிறது. மற்ற இரண்டு பின்னுக்கும் வைத்தார். கூவவில்லை; உடம்புக்குக் கரண்டு போகாது. சுவரில் இருந்த பாயின்டையும் சோதித்தார். பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்தார். அதன் பிறகு மூன்றாவது தடவையும் பார்த்தார்.

பிளக்கைச் செருகிவிட்டு எழுந்து, ஓவனின் பக்கத்தில் நின்று, புறங்கையை அதன்மேல் வைத்தார்.

"சுவிட்சப் போடுங்க."

"கையை எடுங்க சார்."

"நீங்க மாட்டினதுதான மதினி. போடுங்க."

அவள் மரக்கரண்டியைத் தேடினாள். அது வீட்டில் இருந்தது. விரலால்தான் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு போட்டாள்.

திறந்தபோது ஓவனின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மசூது அப்படியே நின்றிருந்தார். ஆனால் அவர் கழுத்தோரம் வேர்வை வழிந்து சட்டைக்குள் இறங்குவதை வேலம்மாள் பார்த்தாள்.

"உங்களுக்கும் பயமா சார்?"

"ஆமா."

"இத்தனை வருஷத்துக்குப் பிறகுமா?"

மசூது கையை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசியபோது அவர் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"அன்னைக்கு மண்டபத்துல, மெயின் சுவிட்ச இறக்கிட்டு வாரேன், கொஞ்சம் பொறுங்கன்னு சொன்னேன் மதினி. அண்ணன் சிரிச்சுக்கிட்டே வயரைப் பிடிச்சாங்க. அவங்களுக்குப் பயம் போயி ரொம்ப நாளாச்சு."

வேலம்மாள் ஓவனின் அருகே வந்து அவர் வைத்திருந்த இடத்தில் தன் கையை வைத்தாள். இரும்பு லேசாகச் சூடேறியிருந்தது. வெகுநேரம் அவள் கையை எடுக்கவில்லை.