ஆமையை முதலில் கேளுங்கள்

அந்தக் காட்டில் கோடையிலும் வற்றாத நீர் ஒரே ஒரு சுனையில்தான் இருந்தது. அதன் கரையில் மயில் இட்டிருந்த மூன்று முட்டைகள் ஒரு நாள் விடியற்காலையில் காணாமல் போயின. சிங்கம் விசாரணைக்கு உட்கார்ந்தது.

"உடும்புதான் தின்றது. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன், அரசே" என்று முந்திக்கொண்டது நரி.

"நானும் பார்த்தேன்" என்றது காட்டுப்பன்றி. "நானுந்தான்" என்றது மான். முயலும் அதையே சொன்னது. கடைசியாக வந்து சேர்ந்த ஆமை, கழுத்தை நீட்டி நான்கு முகங்களையும் பார்த்துவிட்டு, "ஆமாம்" என்றது.

"ஐந்து சாட்சி போதும். உடும்பே, பொழுது சாய்வதற்குள் இந்தச் சுனையை விட்டுப் போய்விடு" என்றது சிங்கம்.

உடும்புக்கு இந்த வெயிலில் சுனையை விட்டுப் போவதும் சாவதும் ஒன்றுதான். ஆனால் பாறைமேல் படுத்துக்கொண்டு மற்றவர்களைக் கவனிப்பதே அதன் வாடிக்கை. ஒரு மான் தலையைத் தூக்கினால் மந்தையே தலையைத் தூக்கும். எதற்கு என்று இரண்டாவது மானுக்குக்கூடத் தெரியாது. இதை அது இதுவரை நூற்றுப் பதினாறு முறை பார்த்திருந்தது.

"அரசே, அதே சாட்சிகளிடம் அதே கேள்வியை இன்னொரு முறை கேளுங்கள். வரிசையை மட்டும் திருப்பிப் போடுங்கள். ஆமை முதலில், நரியண்ணன் கடைசியில். வேறு எதையும் மாற்ற வேண்டாம்."

நரி சிரித்தது. "வரிசை மாறினால் நடந்தது மாறிவிடுமா, தம்பி? தாராளமாகக் கேளுங்கள், அரசே."

ஆமை கழுத்தை நீட்டியது. இந்த முறை யார் முகத்தைப் பார்ப்பது என்று அதற்குத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் யோசித்தது.

"விடியும்போது நான் சேற்றுக்குள் தூங்கிக்கொண்டிருந்தேன். ஒன்றையும் பார்க்கவில்லை" என்றது.

முயல் ஆமையைப் பார்த்தது. "நானும் பார்க்கவில்லை." மான் முயலைப் பார்த்தது. "நானுந்தான்." காட்டுப்பன்றி தரையைப் பார்த்து உறுமியது. "இல்லை. பார்க்கவில்லை."

எல்லா முகங்களும் நரி பக்கம் திரும்பின.

"நானும்... பார்க்கவில்லை, அரசே."

"சற்று முன்பு இரண்டு கண்ணாலும் பார்த்தேன் என்றாயே?"

"எல்லாரும் சொன்னார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் சொல்லிவிட்டேன்."

உடும்பு பணிவாகக் கேட்டது: "முதலில் சொன்னதே நீங்கள்தானே, அண்ணே?"

நரி பாய்ந்து ஓடிப்போய்விட்டது. அது படுக்கும் புதருக்குள் மயில் எட்டிப் பார்த்தபோது, அங்கே உடைந்த முட்டை ஓடுகள் கிடந்தன.

"இனி இந்தக் காட்டில் உடும்பு சொல்லும் வரிசைப்படிதான் விசாரணை!" என்று கர்ஜித்தது சிங்கம்.

"வரிசையே வேண்டாம், அரசே. ஒவ்வொருவரையும் பாறைக்குப் பின்னால் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு, உடும்பு சுனையில் இறங்கி வயிறு நிறையத் தண்ணீர் குடித்தது.

பல வாய்கள் ஒன்றையே சொன்னாலும், ஒவ்வொரு வாயும் தன் கண்ணைக் கேட்டுத்தான் பேசியதா என்று சோதித்த பிறகே நம்ப வேண்டும்.