உங்க வீடு மாதிரி நெனச்சுக்கங்க

“எல்லாம் செய்யறேம்மா. ஆனா வர்றவங்க யாரும் என் வீட்டுல தங்க மாட்டேங்கறாங்க” என்றார் பொன்னுரங்கம்.

ஹசீனா ஈரப் போர்வைகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஏற்காட்டுக்குச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் எத்தனையோ பேர். ஹசீனாவின் வீட்டுக்கு மட்டும் ஒருமுறை வந்தவர்கள் மறுபடி மறுபடி வந்தார்கள். அவள் பொன்னுரங்கத்தின் மகள் வயதுக்காரி. அவர் அதைப் பார்க்கவில்லை. தொழில் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மலைச்சரிவில் மூச்சு வாங்க ஏறி வந்திருந்தார்.

“தங்காம எங்க போறாங்கண்ணா?”

“ரெண்டு நாளைக்குன்னு வர்றாங்க. மறுநாள் காலைலயே பெட்டியைக் கட்டிடறாங்க. வீடு ரொம்ப சுத்தமா இருக்குன்னு சொல்றாங்க. கும்பிடறாங்க. போயிடறாங்க.”

“வர்றவங்களுக்கு நீங்க என்ன செய்யறீங்க?”

பொன்னுரங்கத்தின் முகம் மலர்ந்தது.

“வாசல்ல கோலம். கழுத்துல மாலை. கையில இளநீர். கட்டில்ல துண்டை மடிச்சு அன்னப்பறவை பண்ணி வெக்கறேன். அப்பப்பக் கதவைத் தட்டி, ஏதாச்சும் வேணுமான்னு கேட்டுக்கிட்டே இருக்கேன்.”

ஹசீனா போர்வையைக் கொடியில் இழுத்துவிட்டாள்.

“புதன்கிழமை நான் வர்றேன்” என்றாள். “விருந்தாளியா.”

*

அது அவரும் மனைவி தனக்கொடியும் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. குடிவந்த அடுத்த வருஷமே தனக்கொடி கண்ணை மூடிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவருக்கு அந்த வீட்டின் அமைதி தாங்கவில்லை. பின்னாலிருந்த சின்ன அறைக்கு மாறிக்கொண்டார். வீட்டில் ஆள் நடமாட்டம் வேண்டும், பேச்சுக் குரல் கேட்க வேண்டும், அதற்காகத்தான் வாடகைக்கு விட ஆரம்பித்தார்.

அந்தக் குரல்தான் ஒரு ராத்திரிக்கு மேல் நிற்கவில்லை.

*

புதன்கிழமை பொன்னுரங்கம் விடியலிலேயே எழுந்துவிட்டார். தரை இரண்டு தடவை துடைக்கப்பட்டது. அன்னப்பறவை கழுத்து வளையாமல் நிற்கும்வரை விடவில்லை.

ஹசீனா தோளில் பையோடு வந்தாள். மாலையைப் போட்டுக்கொண்டாள். இளநீரைக் குடித்தாள்.

“உங்க வீடு மாதிரி நெனச்சுக்கங்க!” என்றார் அவர்.

“சரிங்கண்ணா.”

கூடத்தில், அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு மர நாற்காலி இருந்தது. ஹசீனா அதைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலோரம் போட்டாள். பிறகு முகம் கழுவப் போனாள்.

திரும்பி வந்தபோது நாற்காலி அலமாரிப் பக்கம் இருந்தது.

அவள் மறுபடி தூக்கி ஜன்னலோரம் போட்டாள். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள்.

வந்து பார்த்தால் நாற்காலி பழைய இடத்தில்.

இந்தத் தடவை அவள் அதைத் தூக்கவில்லை. அதன் முன்னால் வந்து நின்றாள்.

“அண்ணா, இது யாரு வீடு?”

“உங்க வீடுன்னு நெனச்சு...”

“அப்ப என் நாற்காலி எங்க?”

பொன்னுரங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு தடவையும் தன் கைதான் அதை எடுத்து வைத்திருக்கிறது. வந்தவர்கள் எதை நகர்த்தினாலும், அவர்கள் முதுகு திரும்பியதும் அந்தக் கை இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறது.

“அது தனம் வெச்ச இடம்மா” என்றார்.

ஹசீனா நாற்காலியின் முதுகைத் தொட்டுப் பார்த்தாள்.

“அக்கா எப்பவும் இங்கதான் உக்காருவாங்களா?”

அவர் ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

சொல்ல முடியவில்லை.

தனக்கொடியாவது, ஒரே இடத்தில் உட்காருவதாவது! வெயில் எங்கே விழுகிறதோ அங்கே இழுத்துப் போட்டுக்கொள்வாள். பலாமரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போய் மொச்சை உரிப்பாள். பரணிலிருந்து டப்பா எடுக்க மேலே ஏறி நிற்பாள். “தரையெல்லாம் கீறுது, தூக்கித்தான் வையேன்டி” என்று அவர் கத்தாத நாள் இல்லை.

அலமாரிப் பக்கம் அது கிடந்தது, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்றைக்கு மட்டும்தான்.

பொன்னுரங்கம் கண்ணைத் துடைத்தார். துடைத்துக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

“பாடம் முடிஞ்சுதாம்மா?”

“பசிக்குதுண்ணா” என்றாள் ஹசீனா. “உங்க அரிசி டப்பா எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. நீங்க போங்க.”

*

அடுத்த சனிக்கிழமை திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கலையரசி, அவள் கணவன், இரண்டு பெண் பிள்ளைகள்.

பொன்னுரங்கம் சாவியைக் கொடுத்தார். வெந்நீர் சுவிட்சைக் காட்டினார்.

“பின்னாலதான் இருக்கேன். வேணும்னா ஒரு சத்தம் குடுங்க.”

அவ்வளவுதான். போய்விட்டார்.

போய்விட்டாரே தவிர, உட்கார முடிந்ததா? கட்டிலில் உட்கார்ந்தார், எழுந்தார். கை பரபரத்தது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

வீட்டுக்குள் எதையோ இழுக்கும் சத்தம். தரை கீறியது. அவர் பல்லைக் கடித்தார்.

யாரோ கட்டிலில் குதித்தார்கள். பெரியவள் சின்னவளைத் துரத்தினாள். போர்வை ஒன்று ஜன்னல் கம்பிக்கும் மேஜைக்கும் நடுவில் கூடாரமாக எழும்பியது. அவர் மடித்து வைத்த அன்னப்பறவை ஒரு குட்டித் தலையில் முண்டாசாகி வெளியே ஓடிவந்தது.

சமையலறையில் கடுகு வெடித்தது.

பொன்னுரங்கம் எழுந்து நின்றுவிட்டார். அந்த அடுப்பில் யாராவது கடுகு தாளித்து எத்தனை காலம் ஆயிற்று!

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கலையரசியின் குரல் கேட்டது: “சார், இங்க பால் எங்க கிடைக்கும்?”

அவரிடமே பால் இருந்தது. தூக்கில் ஊற்றிக்கொண்டு, குடை பிடித்துப் போனார். வாசற்படியில் நின்று நீட்டினார்.

“ஐயய்யோ, என்ன சார் வாசல்லயே நிக்கறீங்க?” என்றாள் கலையரசி. பஜ்ஜி மாவு அப்பிய கையாலேயே கதவை அகலத் திறந்தாள். “உள்ள வாங்க! உக்காருங்க. டீ போடறேன், குடிச்சிட்டுத்தான் போகணும். ஏங்க, சாருக்கு இடம் விடுங்க!”

பொன்னுரங்கம் தூக்கை அவள் கையில் கொடுத்தார்.

“ஒரே நிமிஷம்மா, வந்துடறேன்” என்றார். குடையை வாசலிலேயே விட்டுவிட்டு, நனைந்துகொண்டே பின்னறைக்கு ஓடினார். போனை எடுத்தார்.

“ஹசீனாம்மா! நான்தான்! என்னைய உள்ள வாங்கன்னு கூப்பிட்டாங்கம்மா! என் வீட்டுக்குள்ள, என்னையவே! உக்காருங்க, டீ குடிங்கன்னு...”

“டீ போட்டாச்சா?”

“போட்டுக்கிட்டிருக்காங்க!”

“அப்புறம் என்கிட்ட என்ன பேச்சு?” என்றாள் ஹசீனா. “ஆறிடப் போகுது, போனை வைங்க.”