தேக்குக் கட்டிலின் முள்

பண்ணையார் அம்பலவாணருக்கு வாய் பெரிசு, கை சின்னது. மகளுக்குத் தேக்குக் கட்டில் சீர் தருவதாகச் சொல்லிவிட்டு, உடம்பெல்லாம் முள்ளாக நிற்கும் இலவ மரத்தை வெட்டிச் செதுக்கி, தேக்கு நிறத்தில் சாயம் பூசவைத்தார்.

கல்யாணப் பந்தலில் சம்பந்தியம்மாள் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து எழுந்தாள். சட்டத்தின் அடியில் செதுக்காமல் விட்டிருந்த பட்டையின் முள்ளில் மாட்டிப் பட்டுப்புடவை கிழிந்தது.

"தேக்குல ஏது முள்ளு?" என்றாள்.

பண்ணையாருக்கு வேர்த்துவிட்டது. மரம் வெட்டிய வேலைக்காரன் இருளப்பனை இழுத்து நிறுத்திச் சூடத்தை ஏற்றினார்.

"சத்தியம் பண்ணுடா! இது தேக்குதானே?"

பொய் சொன்னால் சாமி கேட்கும். உண்மையைச் சொன்னால் பண்ணையார் குடிசையைப் பிரித்துவிடுவார். இருளப்பன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"ஐயா தேக்குன்னு சொன்னா தேக்குதானுங்க. அந்த மரத்துக்குத்தான் அது தெரியாமப் போச்சு. வளர்ந்த காலமெல்லாம் தன்னை இலவம்னே நெனச்சு முள்ளு விட்டிருக்கு."

பந்தலே சிரித்தது. கல்யாணப்பெண் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்பா, கட்டில் வேண்டாம். நான் பாயிலேயே படுத்துக்கிறேன்" என்றாள், தலை நிமிராமல்.

பண்ணையாரால் மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் தோளில் கிடந்த துண்டு தானாக இறங்கிக் கக்கத்துக்குப் போனது.