கோணைக்கரையின் ஆகப் பழைய பொருள்

கோணைக்கரை என்று ஓர் ஊர். எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த ஊர்க்காரர்களே சந்தைக்குப் போனால் வழி விசாரித்துத்தான் வீடு திரும்புவார்கள்.

அந்த ஊர்ப் பள்ளியில் பதினோரு பிள்ளைகள், ஒரே ஒரு டீச்சர். பிள்ளைகள் குறைவு, பள்ளியை மூடிவிடலாமா என்று மேலிடத்தில் பேச்சு. நேரில் பார்த்து முடிவு சொல்ல ஓர் அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. பிள்ளைகளும் ஊராரும் சேர்ந்து ஊர் வரலாற்றைக் கண்காட்சியாக வைத்தால் அவர் மனம் இளகும் என்று சகாயமேரி டீச்சர் நினைத்தார்.

"நம்ம ஊர்லயே ஆகப் பழைய பொருளைக் கொண்டாந்து வைங்க. பேரு, வயசு எழுதிச் சீட்டு மாட்டுங்க. சுத்திக் கயிறு கட்டுங்க, யாரும் தொடக் கூடாது. அதிகாரி வந்து பார்த்துட்டுப் போற வரைக்கும் பொருள் இடத்தை விட்டு அசையக் கூடாது" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, அதிகாரியை வரவேற்க மெயின்ரோட்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டார்.

பிள்ளைகளின் பள்ளி வேலையைப் பெற்றவர்கள் செய்வது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். பிள்ளைகள் கோலி விளையாடப் போனார்கள். சடையாண்டி, வீரணன், பேச்சியம்மா மூவரும் பொருள் தேடக் கிளம்பினார்கள்.

"எங்க வீட்டு ஆட்டுக்கல்லு ரொம்பப் பழசு" என்றாள் பேச்சியம்மா.

"எம்புட்டு வயசு?"

"கேட்டுப் பார்த்தேன். வாயே திறக்கலை."

"அப்ப அது வேணாம். வயசைக் கேட்டாச் சொல்லுற பொருளாப் பாரு" என்றான் வீரணன்.

வேப்பமரத்தடியில் கட்டிலில் படுத்திருந்த கருத்தப்பாண்டிக் கிழவர் இருமினார். மூவரும் திரும்பினார்கள்.

"தாத்தா, உங்களுக்கு என்ன வயசு?"

"தொண்ணூத்தேழு."

அவ்வளவுதான். கிழவரைக் கட்டிலோடு தூக்கிவந்து வகுப்பறை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். சுற்றிக் கயிறு கட்டினார்கள். கழுத்தில் சீட்டு: 'பெயர் கருத்தப்பாண்டி. வயது 97. பல் இல்லை. தொடாதீர்கள்.'

கிழவருக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கேட்டார். கொடுத்தால் கை படுமே என்று மூவரும் யோசித்தார்கள். பிறகு வீரணன் ஜன்னலுக்கு வெளியே நின்று ஒரு வாளித் தண்ணீரை அவர்மேல் வீசினான்.

"குடிச்சிட்டாரா?"

"முழுசாக் குடிச்சிட்டாரு. வாளி காலி."

அடுத்து, கிழவர் அவசரமாக வெளியே போக வேண்டும் என்றார்.

"அசையாதீங்க தாத்தா! பள்ளிக்கூடம் போச்சுன்னா பிள்ளைக நாலு மைல் நடக்கணும். பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க" என்று சடையாண்டி கெஞ்சினான்.

"பல்லு இல்லைன்னு நீதானடா எழுதித் தொங்கவிட்டிருக்க!"

மூவரும் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, கிழவர் சீட்டைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டு, கயிற்றுக்கு அடியில் குனிந்து கிளம்பிவிட்டார்.

அதிகாரியோ பஸ்ஸில் வரவில்லை. கண்மாய்க்கரை வழியாக ஸ்கூட்டரில் வந்தவர், டயர் பஞ்சராகி இரண்டு மைல் தள்ளிக்கொண்டு வந்தார். பள்ளியில் ஆளில்லை. கயிற்றுக்கு நடுவே ஒரு நாற்காலி மட்டும் இருந்தது. உட்கார்ந்ததும் வாயைத் திறந்து தூங்கிப்போனார்.

திரும்பிவந்த பேச்சியம்மா அலறினாள். "காலையில ஒத்தப் பல்லு இல்லையே! இப்ப வரிசையா இருக்கு!"

"தலைமுடியும் கறுத்துருச்சு" என்றான் வீரணன்.

"பழைய பொருளுக்கு நேரத்துக்குத் தண்ணி ஊத்திப் பராமரிச்சா இப்படித்தான்" என்றான் சடையாண்டி. ஊரிலேயே விவரமானவன் அவன்.

அதிகாரி விழித்தார். "யாருய்யா நீங்க? நான் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்த அதிகாரி!" என்று கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"பாத்தியா, சீட்டுகூடப் புதுசாயிருச்சு."

"ஆனா அதிகாரின்னு சொல்லுதே?"

சடையாண்டி கண்ணை மூடி யோசித்தான். "பொருளைப் பார்க்கத்தான் அதிகாரி வருவாரு. பொருளே அதிகாரின்னா, அப்புறம் பொருளை யாரு பார்க்குறது?"

அதிகாரி கோபத்தோடு எழுந்தார். மூவரும் பதறிப்போய், அவரைத் தொட்டுவிடாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டார்கள்.

பிறகு ஊரே மாலையோடு பஸ் நிறுத்தத்துக்குத் திரண்டது. முன்வரிசையில், வேட்டி மாற்றிக்கொண்டு, பெரிய மாலையோடு நின்றவர் கருத்தப்பாண்டிக் கிழவர். பஸ்கள் வந்தன, போயின. டீச்சருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அதிகாரி வரலைன்னா பள்ளிக்கூடம் போயிருமே. கண்காட்சியாவது நல்லபடியா இருக்கா? காவலுக்கு யாரு இருக்கா?"

"காவல் எதுக்கு டீச்சர்? இடைவிடாமக் கத்துது, எவன் திருட வருவான்?" என்றான் வீரணன்.

சடையாண்டி ரோட்டை எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

"அந்த அதிகாரிக்குக் கொஞ்சமாச்சும் பொறுப்பு இருக்கா பாருங்க. உள்ள இருக்கிறது பாவம், எம்புட்டு நேரந்தான் அவருக்காகக் காத்துக்கெடக்கும்?"