இருவாச்சி பூசுன வாசல்

மேகம் எறங்கி வாசல்ல படுத்துக்கிடக்குற ஒரு மலையூருல செவத்தி, செவத்தின்னு ஒருத்தி இருந்தாளாம். மலைச்சரிவுல படிப்படியா அவளுக்குச் சாமைக்காடு. காட்டு நடுவுல வானத்த முட்டுற மாதிரி ஒரு மரம். நெழலு விழுந்து வெள்ளாம கொறஞ்சாலும் அத யாரும் வெட்ட மாட்டாங்க. ஏன்னா அந்த மரப்பொந்துலதான் இருவாச்சி குடியிருந்துச்சு. மூக்கு மேல இன்னொரு மூக்கு வெச்ச மாதிரி பெரிய பறவ. அது பழம் தின்னு போடுற கொட்டையிலதான் காடு மொளைக்கும், காடு இருந்தாத்தான் ஊத்து கசியும், ஊத்து கசிஞ்சாத்தான் சாமை வெளையும்.

முட்டையிடுற காலம் வந்தா பொட்டப்பறவ பொந்துக்குள்ள போயி, வாசல மண்ணு வெச்சுப் பூசிக்கும். அலகு நீட்ட ஒரு கீறல் மட்டும் விடும். உள்ள போனதும் எறகெல்லாம் உதுந்துபோகும், பறக்க முடியாது. ஆம்பளப்பறவதான் பழம் கொண்டாந்து ஊட்டணும். இல்லேன்னாவா? இல்லேன்னா அம்புட்டுத்தான் கண்ணு.

அந்த மலைக்குத் தலைவன் கொண்டையப்பன். தலப்பாவுல இருவாச்சி மூக்கச் சொருகிக்கணும்னு அவனுக்கு ஆச. பழத்தோட பறந்து வந்த ஆம்பளப்பறவய அம்பால அடிச்சுப் போட்டுட்டான். "உள்ள இருக்கறதும் பட்டினியில சாகட்டும், அந்த மூக்கும் எனக்குத்தான். எவளாவது மரத்துக்கிட்டப் போனா அவ சாமைக்காட்டப் புடுங்கிருவேன்"னுட்டான்.

செவத்திக்குக் கஞ்சி எறங்கல. மடி நெறைய அத்திப்பழம் பறிச்சுக்கிட்டு, வெடியக்கால மஞ்சுக்குள்ள மறைஞ்சு மரமேறுனா.

கீறலுக்குள்ளருந்து, "யாரு? எறகுச் சத்தம் கேக்கலையே?"

"காத்தடிக்குது தாயி, அதான் கேக்கல. தின்னு."

மறுநாளும், "யாரு? எறகுச் சத்தம் கேக்கலையே?"

"மழ பெய்யுது தாயி. தின்னு."

அதுக்கும் மறுநா காத்தும் இல்ல, மழையும் இல்ல. மஞ்சு மட்டும் பஞ்சு மாதிரி மெதந்துக்கிட்டிருக்கு. "யாரு? எறகுச் சத்தம் கேக்கலையே?"

செவத்தி அழுதுட்டா. "அவரு இனி வர மாட்டாரு தாயி. நாந்தான் வர்றேன்."

பறவ அலக நீட்டி அவ வெரலத் தொட்டுச்சு. "குஞ்சு பொரிச்சிருக்கு அக்கா. நாளைக்கு ஒரு பழம் சேத்துக் கொண்டா."

ஊம் கொட்டுறியா, தூங்கிட்டியா?

அப்புறம் என்னாச்சு, கொண்டையப்பன் வந்துட்டான். "இன்னுமா சாகல!" செவத்தி மரத்தக் கட்டிப்புடிச்சுக்கிட்டு, "காட்ட வேணா எடுத்துக்கங்க சாமி, அத விட்டுருங்க"ன்னு கெஞ்சுறா. அவளத் தள்ளிவிட்டு ஏறுனான், பூச்ச ஒடச்சான், கைய உள்ள விட்டான். பறவ கொத்தல. மண்ண எடுத்து, அலகு நீட்ட ஒரு கீறல் மட்டும் விட்டு, அவன் மணிக்கட்டச் சுத்திப் பூசு பூசுன்னு பூசிருச்சு. மண்ணு பாறையா எறுகிப்போச்சு.

"ஐயோ, கைய விடு!"

"எறகு மொளைக்கட்டும், விடுறேன்."

கூட வந்த ஆளுங்க கோடாலியத் தூக்குனாங்க. "டேய், மரம் சாஞ்சா நானும்ல சாவேன்! வெட்டாதீங்கடா!"ன்னு அவனே கத்துறான்.

அப்படியே கெளையில உக்காந்தான். வெயிலு வந்துச்சு, மழ வந்துச்சு, மஞ்சு வந்து அவன மூடுச்சு. செவத்தி தெனமும் ஏறுனா. தாய்க்கு ஒரு பழம், குஞ்சுக்கு ஒரு பழம், அவனுக்கும் ஒரு பழம். உள்ள மாட்டுன கையில குஞ்சு வந்து படுத்துத் தூங்குமாம். அந்தக் கதகதப்பு அவன் நெஞ்சு வரைக்கும் ஏறுமாம். "பையப் பேசு செவத்தி, தூங்குது"ம்பானாம்!

எறகு மொளைச்சுச்சு. தாய் பூச்ச ஒடச்சிட்டு வெளிய பறந்துச்சு, குஞ்சும் பின்னாலயே போச்சு. அவன் கையும் வந்துச்சு. ஆனா வெரலு நிமிரல, குஞ்சு படுத்த வாக்குல குழிஞ்சே நின்னுபோச்சு. அப்புறம் எங்க வில்லப் புடிக்க? அந்தக் கையில பழத்த வெச்சுக்கிட்டு, முட்டையிடுற காலமெல்லாம் மரத்தடியில வந்து நிப்பானாம்.

பறவ காட்டுக்குள்ள போச்சு, காடு மஞ்சுக்குள்ள போச்சு, நீ தூக்கத்துக்குள்ள போ கண்ணு.